யாருக்காக எரிகிறது விளக்கு?

1846ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள டார்க்கி என்ற ஊரிலிருந்து அன்னா தின் என்ற சீமாட்டி சில பவளங்களைக் கல்ஜாடியொன்றில் இட்டு லண்டனுக்கு எடுத்துச்சென்றார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தை ஒட்டிய வீடு, கடல் வெகுதொலைவு. கொண்டுவந்த நீரையே கெடாமல் காப்பாற்றவேண்டியிருந்தது. அதற்காக ஒரு பணிப்பெண் திறந்த ஜன்னலருகே நின்று, சூடான பாலை ஆற்றுவதுபோல, அந்நீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் மாற்றி ஆற்றுவாள். காற்று நீரில் கலந்தது. பவளங்கள் பிழைத்தன, பெருகவும் செய்தன. மீனும் நீர்த்தாவரமும் ஒன்றையொன்று வாழவைக்கும் சமநிலையைப் பற்றி ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் எழுதியது 1850இல்தான். ‘அக்வேரியம்’ என்ற சொல்லைத் தம் நூலின் வழியே பிலிப் ஹென்றி காஸ் பரப்பியது 1854இல். இவ்விருவருக்கும் முன்பே கடலின் ஒரு துணுக்கு லண்டன் வீடொன்றில் உயிரோடு இருந்தது.

இந்தக் கதையில் விளக்கு இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். அது ஒரு நல்லூழ். அக்குளிர்ந்த கடற்கரையின் கோப்பைப் பவளங்கள் ஒளியை நம்பி வாழ்பவை அல்ல. கையில் சிக்கும் சிற்றுயிர்களைப் பிடித்துண்பவை. நம் நவரத்தினங்களில் ஒன்றான செம்பவளமும் மத்தியதரைக்கடலின் மங்கிய ஆழங்களிலும் குகைகளிலும் வளர்வதே. வெப்பமண்டலக் கடலில் பாறை எழுப்பும் பவளங்களின் கதை வேறு. அந்தப் பவளமொன்றை அன்னா தின் தம் ஜாடியில் இட்டிருந்தால், பணிப்பெண் எவ்வளவு ஆற்றியும் பயனிருந்திராது. லண்டனின் வெளிச்சத்தில் அது பட்டினியால் இறந்திருக்கும்.

பவளம் ஒளியை உண்கிறது என்ற உண்மை எளிதில் பிடிபடவில்லை. அதன் திசுவுக்குள் மஞ்சட்பழுப்பு நிறத்தில் தெரியும் நுண்ணிய உருண்டைகள் வேற்றுயிர்களான பாசிகளே என்று அறிந்து, அவற்றுக்கு 1881இல் சூசாந்தெல்லா என்று பெயரிட்டவர் கார்ல் பிராண்ட் என்ற ஜெர்மானியர். ஆனால் அவை அங்கே என்ன செய்கின்றன? 1928-29இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஓராண்டுக் காலம் தங்கி ஆராய்ந்த குழுவின் தலைவர் மாரிஸ் யங், பவளம் முழுக்க ஊனுண்ணி என்றும், பாசிகள் அதன் கழிவை அகற்றுவதோடு சரி என்றும் முடிவுகட்டினார். பல ஆண்டுகள் அக்கருத்தே கோலோச்சியது. ஜமைக்காவில் ஆய்வு செய்த தாமஸ் கோரோ, ஒளியில் பவளத்தின் சுண்ணாம்புக் கூடு இருளில் வளர்வதைவிடப் பன்மடங்கு விரைவாக வளர்வதை 1959இல் எடுத்துக்காட்டினார். பாசி தான் சமைத்த உணவின் பெரும்பகுதியை விருந்தோம்பியான பவளத்துக்கே தந்துவிடுகிறது என்பதை லெனர்ட் மஸ்கட்டைனின் ஆய்வுகள் உறுதிசெய்தன. விலங்கின் உடலுக்குள் ஒரு தோட்டம். பவளத்தை வளர்ப்பவர் அறிந்தோ அறியாமலோ அந்தத் தோட்டத்துக்கே காவலாளி.

இவ்வறிவு ஆய்வேடுகளில் உருவாகிக்கொண்டிருந்தபோதே சிலர் அதைக் கைப்பழக்கத்தால் எட்டிவிட்டிருந்தனர். நியூ கலெடோனியாவின் நூமேயா நகரில் ரெனே கட்டாலா 1956இல் திறந்த காட்சியகத்தில் கடல்நீர் ஓடிக்கொண்டே இருந்தது. கூரையின் வழியே சூரியனே விளக்கு. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் எந்த நுட்பக்கருவியும் இல்லாமல், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகளையும் காற்றுக்குமிழ்களையும் வெயிலையும் மட்டுமே கொண்டு பவளத்தொட்டிகளை நடத்தினார். அம்முறையை அவர் 1961இல் அமெரிக்க இதழொன்றில் விளக்கி எழுதினார். இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் முறையின் விதை அக்கட்டுரையில் இருந்தது. ஆனால் ஜகார்த்தாவின் சூரியனைத் தபாலில் அனுப்ப முடியாது. பெர்லினிலோ சிகாகோவிலோ அதைப் படித்தவர் அதே பாறையை அதே நீரில் இட்டாலும் அவர் தொட்டியில் பவளம் மெல்ல வெளிறிச் செத்தது.

அந்தச் சூரியனுக்கு மாற்று பெர்லினில் உருவானது. 1970களிலும் 80களிலும் டீட்ரிஷ் ஸ்டூபரும் அவரது நண்பர்களும் உயிர்ப்பாறை, நீரின் கசடை நுரையாக்கி வெளியேற்றும் கருவி, மெட்டல் ஹாலைடு விளக்கு ஆகிய மூன்றையும் ஒன்றுசேர்த்தனர். ஸ்டூபரின் தொட்டியில் செழித்த கிளைப்பவளம் ஒன்றின் துண்டுகள் அன்பர்கள் கைமாறிப் பல வீடுகளில் வேரூன்றின. பவளத்தை ஒடித்து நட்டு வளர்க்கலாம், கடலைக் கொள்ளையிடவேண்டியதில்லை என்ற எண்ணம் அதனால் வலுப்பெற்றது. மெட்டல் ஹாலைடு பவளத்துக்காகப் பிறந்ததல்ல; விளையாட்டரங்குக்கும் தொழிற்கூடத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் பிறந்தது. அதன் வெண்மையில் குறைந்த நீலத்தை ஈடுசெய்யத் தொட்டியின்மேல் தொங்கிய ‘ஆக்டினிக்’ குழல்விளக்கும் வரைபட நகலெடுப்புத் தொழிலிலிருந்து இரவல் பெற்றதே. மனிதன் தன் வேலைக்காகச் செய்த விளக்குகளின் எச்சத்தில் பவளம் வாழப் பழகியது.

அதற்கான விலையும் பெரிது. இருநூற்றைம்பது, நானூறு வாட் விளக்குகள் இரண்டு மூன்று எரிந்தால் நீர் சூடேறும். அதைக் குளிர்விக்க இன்னொரு எந்திரம் வேண்டும். ஓராண்டுக்குள் விளக்கின் நிறம் மாறிவிடும், மாற்றவேண்டும். 1990களில் வந்த மெல்லிய டி5 குழல்கள் ஒளியைச் சீராகப் பரப்பின, வெப்பத்தைச் சற்றே குறைத்தன. ஆயினும் அடிப்படை மாறவில்லை: விளக்கு ஒன்று எரியும் அல்லது எரியாது. அதன் நிறத்தைத் தொழிற்சாலை முடிவுசெய்யும்.

இனி வருவது நீலத்தின் கதை. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் கில்பர்ட் ரைலிங் மெட்டல் ஹாலைடு விளக்கைச் செம்மைப்படுத்திய 1960களின் தொடக்கத்திலேயே, அதே நிறுவனத்தில் நிக் ஹோலன்யாக் 1962இல் சிவப்பொளி உமிழும் டையோடை உருவாக்கினார். ஓர் இல்லத்தில் பிறந்த இரு பிள்ளைகள். இளையது மூத்ததன் இடத்தைப் பிடிக்க ஐம்பதாண்டு ஆயிற்று. தாமதத்துக்குக் காரணம் நீலம். சிவப்பும் பச்சையும் கைகூடிய பிறகும் பிரகாசமான நீல டையோடு எவருக்கும் வசப்படவில்லை. நகோயாவில் இசாமு அகாசாகியும் ஹிரோஷி அமானோவும் காலியம் நைட்ரைடு படிகத்தோடு பல்லாண்டு போராடினர். நிச்சியா என்ற வேதிப்பொருள் நிறுவனத்தில் ஷூஜி நகாமுரா 1993இல் அதை ஒளிரவைத்தார். மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

உலகம் அந்த நீலத்தை வெண்மைக்காகவே விரும்பியது. 1996இல் வந்த வெள்ளை எல்.இ.டி என்பது மஞ்சள் பாஸ்பரைப் போர்த்திய நீல டையோடுதான். நம் வீடுகளிலும் தெருக்களிலும் எரிவது இன்றும் பெரும்பாலும் அதுவே. பவளத்தொட்டி வைத்திருந்தவர்களுக்கோ போர்வை தேவைப்படவில்லை. கடல்நீர் சிவப்பொளியை முதல் சில மீட்டர்களிலேயே விழுங்கிவிடும். தெளிந்த கடலில் ஆழம்வரை செல்வது நீலம். பவளத்தினுள் வாழும் பாசியின் நிறமிகள் 430 முதல் 480 நானோமீட்டர் வரையிலான நீலத்தை ஆவலோடு உறிஞ்சுவது அதனால்தான். பிறர் மூடிமறைத்துப் பயன்படுத்திய அலைநீளமே பவளத்துக்கு நேரடி உணவு. மின்விளக்கின் வரலாற்றில் மனிதத் தேவையும் பவளத்தின் தேவையும் இவ்வளவு நெருங்கிவந்தது அதுவே முதன்முறை.

பவளத்தொட்டிக்கென்றே செய்யப்பட்ட எல்.இ.டி விளக்குகளில் முதலில் பேர்பெற்றது அமெரிக்காவின் பி.எஃப்.ஓ நிறுவனம் வெளியிட்ட சோலாரிஸ். 2007இல் ஆர்பிடெக் என்ற நிறுவனத்துக்குக் கடல்தொட்டி எல்.இ.டி விளக்கு குறித்த காப்புரிமை வழங்கப்பட்டது, வழக்கு மூண்டது, சில ஆண்டுகளில் சோலாரிஸ் சந்தையிலிருந்து மறைந்தது. 2010க்குப் பிறகு வேறு நிறுவனங்கள் வந்தன. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும், விடியலையும் அந்தியையும் நிகழ்த்தவும் இயன்றது. மெட்டல் ஹாலைடு வெப்பத்தை நீரின்மீதே பொழிந்தது; எல்.இ.டியின் வெப்பமோ பின்புற உலோகத் தகட்டின் வழியே மேலே போய்விடும்.

ஆனால் புதிய விளக்கு வந்ததும் பல வீடுகளில் பவளங்கள் வெளிறின. காரணம் நம் கண். மனிதக் கண்ணின் கூர்மை 555 நானோமீட்டர்ப் பச்சையில் உச்சம்; நீலத்தில் அது மிகக் குறைவு. நீல எல்.இ.டி ‘மங்கலாக’ தெரியவே, பழைய ஹாலைடின் வெளிச்சம் வரும்வரை அன்பர்கள் அதைக் கூட்டினர். கண்ணுக்கு இதமான அளவு பவளத்துக்குச் சுட்டெரிக்கும் அளவாக இருந்தது. ஒளி மிகுந்தால் பாசியின் ஒளிச்சேர்க்கை நச்சு ஆக்சிஜனை உண்டாக்கும், பவளம் பாசியை வெளியேற்றும். பட்டினி ஒரு சாவென்றால் அது இன்னொரு சாவு.

எனவே விளக்கைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் கண்ணின் சாட்சியத்தைத் தள்ளிவைக்கவேண்டும். வாட், லூமென், கெல்வின் ஆகியவற்றில் முதலாவது மின்கட்டணத்துக்கானது, மற்ற இரண்டும் மனிதக் கண்ணுக்கானவை. பவளத்தின் மொழி வேறு: 400 முதல் 700 நானோமீட்டருக்குள் ஒரு சதுரமீட்டரில் ஒரு நொடியில் விழும் ஒளித்துகள்களின் எண்ணிக்கை, மைக்ரோமோல் கணக்கில். வெப்பமண்டல நண்பகலில் கடலின் மேற்பரப்பில் அது ஏறத்தாழ 2000. தொட்டியின் மென்பவளங்களுக்கு 50 முதல் 150 போதும். கிளைவிடும் அக்ரோபோராவுக்கு 200 முதல் 400 வரை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சஞ்சய் ஜோஷி போன்றோர் விளக்குகளை ஒன்றொன்றாய் அளந்து அட்டவணையிட்ட பிறகே இவ்வெண்கள் பொதுப்பேச்சில் புழங்கலாயின. அளவீட்டுக் கருவியை ஒருநாள் இரவல் வாங்கியாவது தொட்டியின் ஐந்தாறு இடங்களில் அளந்துபார்ப்பது எந்த விளம்பரத்தையும்விட மேலானது. அடுத்து, பரவல்: எல்.இ.டி புள்ளியிலிருந்து பாய்வதால் ஒரு கிளையின் நிழலில் அடுத்த கிளை வாடும். ஒரே வலிய விளக்கைவிட இடைவெளிவிட்டுத் தொங்கும் இரண்டு எளிய விளக்குகள் நல்லவை. கடைசியாக, பொறுமை: குறைந்த அளவில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றவேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் கண் தோற்றுவிடுவதில்லை. தொட்டியை அடர்நீலத்தில் மூழ்கடித்தால் பவளங்கள் பச்சையும் செம்மையுமாகக் கனன்று ஒளிரும். நூமேயாவில் கட்டாலா கறுப்பொளியின் கீழ் கண்டு வியந்த அதே காட்சி. அதைப் பகட்டு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1999இல் மிகயில் மாட்ஸும் செர்கேய் லுக்யானோவும் உயிரியல் ஆய்வுக்கூடங்களுக்கு மிகத் தேவையாயிருந்த சிவந்தொளிரும் புரதத்தைக் கண்டெடுத்தது மாஸ்கோவில் தொட்டிகளில் வளர்ந்த பவள உறவினங்களிலிருந்துதான். ரோஜர் சியென் அதைத் திருத்திப் பல வண்ணங்களாக விரித்தார். ஒளிரும் புரத ஆய்வுகளுக்காக 2008இல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் அவரும் ஒருவர். ஆயினும் நாள் முழுதும் எரியும் வாணவேடிக்கை நம் மாலைப்பொழுதுக்கானது. பவளத்தின் நண்பகல் அப்படியிருப்பதில்லை.

வரலாற்றின் மிக அழகான திருப்பம் மிக மங்கலான விளக்கால் வந்தது. பெருந்தடுப்புத் திட்டின் பவளங்கள் ஆண்டில் சில இரவுகளில், முழுநிலவு கழிந்த சில நாட்களில், ஒருசேரக் கருமுட்டைகளையும் விந்தையும் நீரில் விடுகின்றன. ஓராண்டு அங்கே தங்கிய யங்கின் குழு அறியாத இந்நிகழ்ச்சியை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்தில் கண்டறிந்தனர். கடலில் நடக்கும் இது கண்ணாடிக்குள் நடக்குமா? லண்டனின் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸின் குழு கடலின் ஆண்டுச்சுழற்சியைத் தொட்டிக்குள் நிகழ்த்தியது: வெப்பம் பருவத்தோடு ஏறியிறங்கியது, பகல் நீண்டு குறுகியது, எல்.இ.டி நிலவு வளர்ந்து தேய்ந்தது. நான்கு அக்ரோபோரா இனங்கள் அங்கே முட்டையிட்டதை அவர்கள் 2017இல் பதிவுசெய்தனர். 2019இல் புளோரிடா காட்சியகம் அதே முறையில் அட்லாண்டிக்கின் அருகிவரும் தூண்பவளத்தைக் கருத்தரிக்கவைத்தது.

இது வெறும் பொழுதுபோக்கின் வெற்றியாக இருந்திருந்தால் இங்கே சொல்லவேண்டியதில்லை. 2023 கோடையில் புளோரிடாவின் கடல் கொதித்தபோது, கடலடி நாற்றங்கால்களிலிருந்த ஆயிரக்கணக்கான பவளங்களை அவசரமாகக் கரையிலுள்ள தொட்டிகளுக்கு மாற்றினார்கள். உலகப் பவளங்களின் நான்காவது பேரளவு வெளிறல் 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. நம் மன்னார் வளைகுடாவும் 2010இலும் 2016இலும் வெளிறலைக் கண்டது. இந்தியக் கடல்களின் கல்பவளங்கள் 2001 முதல் வன உயிரினச் சட்டத்தில் புலியோடு ஒரே அட்டவணையில் இருப்பவை. அவற்றை எவரும் எடுக்கக்கூடாது. ஆனால் சட்டம் வெப்பத்தைத் தடுக்காது. பவளத்தை வளர்க்கத் தெரிந்த கைகள் தேவைப்படும் காலம் வந்துவிட்டது. அந்தக் கைத்திறனில் கணிசமான பங்கு வீட்டுக்கூடங்களில், இரவல் விளக்குகளின் கீழ், பல தொட்டிகளின் சாவுக்குப் பிறகு சேர்ந்தது.

இன்று ஒருவர் வாங்கும் எல்.இ.டி விளக்கில் சூரியனும் நிலவும் ஆழமும் விசைகளாக இருக்கின்றன. முந்தைய தலைமுறைக்குத் தேர்வு இல்லை; கிடைத்த விளக்கில் பவளம் பிழைத்தால் பிழைத்தது. நமக்குத் தேர்வு இருக்கிறது. எந்த நிறுவனத்தின் விளக்கு, என்ன விலை என்பவை பிறகு வரும் கேள்விகள். நண்பகலை எட்டு ஒன்பது மணி நேரத்தில் நிறுத்தவும், இரவில் கூடத்து விளக்கின் வெளிச்சம் தொட்டியில் விழாமல் பார்த்துக்கொள்ளவும், நமக்குச் சற்று அழகு குறைவாகவும் பவளத்துக்குச் சற்று வாழ்வு மிகுதியாகவும் விசையைத் திருப்பவும் மனம் இசைந்தால், மற்றவற்றை அளவீட்டுக் கருவி சொல்லிவிடும்.