ஐந்நூறு ரூபாவும் இரண்டு கையொப்பங்களும்

ஹல்துமுல்லையில் என்னிடம் தமிழ் படித்துச் சென்ற மாணவர் ஒருவர், 2021ஆம் ஆண்டு பிரித்தானிய நகரொன்றிலிருந்து எனக்கு நீண்டதொரு கடிதம் எழுதினார். மின்னஞ்சல்தான், ஆயினும் ‘அன்புள்ள சேர்’ என்று தொடங்கித் ‘தங்கள் மாணவன்’ என்று முடிந்தமையால் அதைக் கடிதமென்றே சொல்ல விரும்புகிறேன். தோட்டத்து லயமொன்றில் பிறந்து, கொழுந்துக்கூடை சுமந்த தாயின் உழைப்பில் படித்து, மேற்படிப்புக்காகக் கடல் கடந்தவர் அவர். மணமாகி மனைவியும் உடனிருந்தார். அப்பெண்ணுக்குக் கருத்தடை மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, ஓயாத தலைவலி. அவ்வேளையில், ஆண்கள் பூசிக்கொள்ளும் ஓமோன் கருத்தடைக் களிம்பொன்றைப் பரிசோதிப்பதற்குத் தம்பதியர் தேவை என்ற அறிவித்தலை அவர்கள் கண்டிருக்கிறார்கள். “சேரலாமா?” என்பதே கடிதத்தின் சாரம்.

தமிழாசிரியனிடம் கேட்கத்தக்க கேள்வியா இது என்று முதலில் திகைத்தேன். வீட்டிலே கேட்க முடியாததை வாத்தியாரிடம் கேட்பது மலையகத்துப் பிள்ளைகளின் பழக்கம். எங்களை விட்டால் அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? விடையெழுத உட்கார்ந்தவன் ஒரு மாதகாலம் படிக்க நேர்ந்தது. படிக்கப் படிக்க, அந்த மாணவரின் முன் வைக்கப்பட்ட கேள்வி அவருடைய தாயின் முன்னோ என்னுடைய பாட்டனாரின் முன்னோ ஒருநாளும் அவ்வாறு வைக்கப்பட்டதில்லை என்பது எனக்குத் தெளிவாயிற்று. அந்த வரலாற்றையே இங்கு எழுத முற்படுகிறேன்.

முதலில் அந்தக் களிம்பைப் பற்றிச் சில வார்த்தைகள். ஆணுடலில் விந்தணு உண்டாவதற்கு மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியின் ஆணை வேண்டும். அச்சுரப்பி அனுப்பும் இரண்டு ஓமோன்கள் குருதிவழியே விதைகளைச் சென்றடைந்து, டெஸ்டோஸ்டிரோனையும் விந்தணுக்களையும் ஆக்குமாறு பணிக்கின்றன. வெளியிலிருந்து ஓமோனைச் செலுத்தினால், உடலில் போதியது இருக்கிறதென்று கருதிச் சுரப்பி தன் ஆணையை நிறுத்திக்கொள்கிறது. விந்தணு உற்பத்தியும் நின்றுபோகிறது. ஆனால் குருதியில் டெஸ்டோஸ்டிரோன் வற்றினால் தசையும் வேட்கையும் மனத்தெம்பும் தளருமாதலால் அதையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். நமது மாணவர் கண்ட களிம்பில் நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் செஜெஸ்டிரோன் அசிடேட்டும் 74 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோனும் உண்டு. தோள்களிலே நாள்தோறும் பூசிக்கொள்ள வேண்டும். விந்தணு ஒன்று உருவாகி முதிர்வதற்கு 70 நாட்களுக்கு மேலாகும் என்பதால் பலன் உடனே தெரியாது. மில்லிலீற்றருக்கு 10 இலட்சம் அல்லது அதற்கும் குறைவு என்ற அளவுக்கு எண்ணிக்கை இறங்கிய பின்னரே, ஓராண்டுக் காலம் அக்களிம்பை மட்டும் நம்பித் தம்பதியர் வாழ வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் அரச சுகாதார நிறுவனமொன்றும் மக்கட்தொகைப் பேரவை எனப்படும் அமைப்பும் சேர்ந்து 2018இல் தொடங்கிய பரிசோதனை இது. 2024இல் வெளியிடப்பட்ட முடிவுகளின்படி, 222 ஆண்களுள் 86 விழுக்காட்டினர் 15 வாரங்களுக்குள் அந்த அளவை எட்டினர். கடிதம் வந்தபோது இந்த முடிவு எவருக்கும் தெரியாது. அறியாத ஒன்றினுள் காலெடுத்து வைப்பதற்குத்தானே பரிசோதனை என்று பெயர்.

ஆண்களின் உடலிலே இத்தகைய சோதனை புதிதன்று. 1950களின் இறுதியிலிருந்து ஐக்கிய அமெரிக்காவின் ஒரேகான் மாநிலச் சிறையில், கார்ல் ஹெல்லர் என்ற வைத்தியர் கைதிகளுக்கு ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அது ஓமோன் அன்று. ஆயினும் விந்தணுவை நிறுத்தியது, மருந்தை விட்டதும் விந்தணு மீண்டது. வெற்றியென்றே எண்ணினார்கள். பின்னர் சிறைக்கு வெளியே உள்ளவர்களுக்குக் கொடுத்தபோது, மது அருந்தியவர்கள் முகஞ் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து அவதியுற்றனர். சிறையிலே மது ஏது? பூட்டிவைக்கப்பட்ட மனிதனிடம் கற்ற பாடம், நடமாடும் மனிதனுக்குப் பொருந்தவில்லை. இந்தச் சிறு சம்பவத்தை நான் என் மாணவர்க்கு விரிவாகவே எழுதினேன். மறுக்க இயலாதவனின் உடலிலிருந்து பெறப்படும் அறிவு அறத்தில் மட்டுமன்றி விஞ்ஞானத்திலும் குறையுடையது.

பின்னர் உலக சுகாதார நிறுவனம் இப்பணியை ஏற்றது. வாரந்தோறும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஏற்றிக்கொண்ட 271 ஆண்களைப் பற்றிய அதன் அறிக்கை 1990இல் வெளியாயிற்று. அடுத்த பெரிய முயற்சி 2008இல் தொடங்கியது. இந்தியா, இந்தோனேசியா, சிலி முதலிய பல நாடுகளைச் சேர்ந்த 320 ஆண்கள் எட்டு வாரத்துக்கொரு முறை இரண்டு ஊசிகளை ஏற்றுக்கொண்டனர். கருத்தடை நன்றாகவே நடந்தது. ஆனால் முகப்பரு, ஊசி போட்ட இடத்தில் வலி, மனச்சோர்வு, மனநிலை மாற்றம் எனப் பல விளைவுகள் பதிவாயின. அவற்றை ஆராய்ந்த குழுக்களுள் ஒன்று தொடரலாம் என்றது; மற்றொன்று நிறுத்துக என்றது. 2011இல் ஊசி நிறுத்தப்பட்டது.

2016இல் அந்த அறிக்கை வெளியானபோது உலகப் பத்திரிகைகள் நகைத்தன. பெண்கள் அறுபது ஆண்டுகளாகச் சகித்ததை ஆண்களால் ஐந்து மாதம் சகிக்க முடியவில்லையே என்று எழுதின. எங்கள் ஆசிரியர் அறையிலும் இந்த நகைச்சுவை உலாவிற்று, நானும் சிரித்தவன்தான். அறிக்கையைப் படித்த பிறகு வெட்கமாயிருந்தது. விளைவுகளுக்காக விலகியவர்கள் 20 பேரே. பங்குகொண்டவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர், இம்முறை கிடைக்குமானால் தொடர்ந்து பயன்படுத்துவோம் என்றே கூறியிருந்தனர். நிறுத்தியவர்கள் ஆண்கள் அல்லர், ஆய்வுக்குழு. ஆகவே ஆணின் கோழைத்தனத்தைப் பற்றிப் பேசுவது பிழை. பேச வேண்டியது வேறொன்று. 320 ஆண்களின் மனச்சோர்வுக்காகக் கூடிப் பேசிய அத்தகைய குழு, பெண்களுக்காக ஏன் கூடவில்லை?

1956இல் பியூர்ட்டோ ரிக்கோ தீவின் ரியோ பியத்ராஸ் குடியிருப்பில், முதல் கருத்தடை மாத்திரை ஏழைப் பெண்களுக்குக் கொடுக்கப்பட்டது. பிற்காலத்து மாத்திரைகளோடு ஒப்பிட்டால் அதிலிருந்த ஓமோன் பன்மடங்கு. அங்கே பொறுப்பாயிருந்த எட்ரிஸ் ரைஸ்-ரே என்ற பெண் வைத்தியர், 17 விழுக்காட்டினர் தலைச்சுற்றல், குமட்டல், தலைவலி முதலியவற்றால் வருந்துகிறார்கள் என்றும், இது பொதுப் பயன்பாட்டுக்கு ஏற்றதன்று என்றும் அறிவித்தார். மாத்திரையைக் கண்டவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1960இல் அமெரிக்க அரசு அனுமதி வழங்கிற்று. அந்தப் பெண்கள் கர்ப்பத்தைத் தடுக்கும் மருந்து என்று மட்டுமே அறிந்திருந்தார்கள்; தாங்கள் ஒரு பரிசோதனையின் பொருள் என்பதை அறியார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையில் குடும்பத்திட்டச் சங்கம் 1953இல் தோன்றியது. பிள்ளைப்பேற்றிலே மடிந்த ஏழைத் தாய்மாரைக் கண்டு நொந்த வைத்தியர் சிவா சின்னத்தம்பி போன்றோர் அதில் முன்னின்று உழைத்தனர். அவர்கள் பணியை நான் குறைத்து மதிப்பவனல்லன். 1958இல் சுவீடன் அரசுடன் ஓர் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. முன்னோடித் திட்டத்துக்காகத் தெரிந்தெடுக்கப்பட்ட இடங்கள் இரண்டு. ஒன்று பண்டாரகமைக் கிராமப்பகுதி. மற்றொன்று டயகமத் தோட்டப்பகுதி.

தோட்டம் ஏன்? அத்திட்டத்திலே பலாத்காரம் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆய்வுக்குத் தோட்டத்தைப் போல வாய்ப்பான இடம் வேறெங்கே கிடைக்கும்? ஒவ்வொரு பெயரும் செக்றோலில் எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு குடும்பமும் எண்ணிட்ட லயக்காம்பராவில் இருக்கிறது. பிறப்பும் இறப்பும் தோட்டத்து வைத்தியசாலைக்குத் தெரியாமல் நிகழ்வதில்லை. காலையிலே பிரட்டுக்களத்தில் எல்லோரும் நிற்கிறார்கள். 1948இன் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 1949இல் வாக்குரிமையும் இழந்த அம்மக்களுக்கு, அரசின் திட்டமொன்றை ஏற்கவோ மறுக்கவோ வாக்குச் சீட்டுக்கூடக் கையில் இருக்கவில்லை. உடலை எண்ணத் தெரிந்த அரசு, ஆளை எண்ண மறுத்த காலம் அது.

1980இல் வேறொரு கட்டம் தொடங்கியது. நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோருக்கு அரசு பணம் கொடுக்க முன்வந்தது. முதலில் நூறு ரூபா, அவ்வாண்டிலேயே ஐந்நூறு ரூபா. ஆண்கள் திரளாகச் சென்றார்கள். 1972இலும் 1975இலும் வந்த நிலச்சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகியிருந்தன. சம்பளம் கொடுப்பதும் அரசு, சத்திரசிகிச்சை செய்வதும் அரசு, ஐந்நூறு ரூபா நீட்டுவதும் அரசு. ஆணும் பெண்ணும் சமசம்பளம் பெறுவதற்கு 1984வரை காத்திருக்க வேண்டியிருந்த காலத்தில் அந்த ஐந்நூறு ரூபாவின் கனத்தை எண்ணிப் பாருங்கள்.

என் பாட்டனார் போனார். வந்த பணத்தில் ஒரு கிடாரிக் கன்று வாங்கினார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே ‘ஐந்நூறு’. “ஐந்நூறைப் பிடித்துக் கட்டு”, “ஐந்நூறுக்குப் புல் போட்டாயா?” என்பார்கள். எனக்கு நினைவு தெரிந்தபோது தொழுவத்தில் நின்றது அதன் பேத்தி. அதற்கும் அதே பெயர். பெயரின் காரணத்தை நான் பல்கலைக்கழகம் சென்ற பிறகே பாட்டனார் சொன்னார். “புள்ள போதும்னுதான் இருந்திச்சு. ஆனா நான் போனது மாட்டுக்காக” என்றார். அவர் வருந்தவில்லை, யாரையும் குறைகூறவுமில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கும் நிலைமையை எந்த அறிக்கையிலும் நான் காணவில்லை. அவருடைய சம்மதம் உண்மையானதே. அது எதற்கான சம்மதம் என்பதே கேள்வி.

இந்தியாவிலே நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல், ஏறக்குறைய 62 இலட்சம் ஆண்களுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. பலாத்காரம் பகிரங்கமாகவே நிகழ்ந்தது. மக்கள் கொதித்தனர், ஆட்சி வீழ்ந்தது. அதன்பின் ஆண்களைத் தொட அரசுகள் அஞ்சின; சுமை முழுவதும் பெண்கள்மீது திரும்பிற்று. இங்கேயும் ஆண்களின் கூட்டம் சில ஆண்டுகளிற் கலைந்தது. தோட்டப்புறத்தில் நிலைத்து நின்றது பெண்களுக்கான சத்திரசிகிச்சையே. குடித்தொகை, சுகாதார ஆய்வுகள் யாவும் நாட்டின் ஏனைய பகுதிகளைவிடத் தோட்டங்களில் அது மிகுந்திருந்ததைக் காட்டின. பல பெண்கள் மனமுவந்தே சென்றனர். நான்கைந்து பிள்ளைகளோடு மலையேறிக் கொழுந்து பறித்தவர்களுக்கு அது விடுதலையாகவும் இருந்தது. இதை மறைத்தால் நான் பொய்யனாவேன். ஆனால் இடைக்காலக் கருத்தடை முறைகளைப் பற்றி அவர்களுக்கு எத்தனை பேர் எடுத்துரைத்தார்கள்?

அண்மைக்காலத்திலும் இக்கேள்வி ஓயவில்லை. 2013இல் கிளிநொச்சியின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில், பிள்ளைகளின் போசாக்குப் பரிசோதனைக்கென்று அழைக்கப்பட்ட தங்களுக்குக் கையில் ஓமோன் கருத்தடைக் குச்சி பொருத்தப்பட்டதாகப் பெண்கள் முறையிட்டனர், அதிகாரிகள் மறுத்தனர்.

என் மாணவர்க்கு நான் எழுதிய விடையில் சேர் என்றோ சேராதே என்றோ சொல்லவில்லை. இந்த வரலாற்றைச் சுருக்கி எழுதி, உன் தாயிடம் ஒருமுறை கேட்டுப்பார் என்று முடித்தேன். மூன்றாவது பிள்ளையான இவர் பிறந்த கையோடு அந்த அம்மாளுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது என்பதை நான் அறிவேன். அவர் தொலைபேசியில் கேட்டிருக்கிறார். தாய் சொன்னதை அப்படியே எழுதி அனுப்பினார். “கேட்டாங்களாவா? பேரு எழுதிக்கிட்டாங்க. அப்பா கையெழுத்து வச்சாரு. தோட்டத்து லொறியில ஏத்திக்கிட்டுப் போனாங்க. ஏழு நாளு பேரு போட்டாங்க. நான் வேணாம்னும் சொல்லல, வேணும்னும் சொல்லல.”

அதனோடு, வைத்தியசாலையில் தமக்குக் கொடுக்கப்பட்ட விளக்கப் பத்திரத்தைப் பற்றியும் எழுதியிருந்தார். பல பக்கங்கள். தலைவலி வரலாம், எடை கூடலாம், மனம் சோரலாம், களிம்பு தவறினால் மனைவி கருவுறலாம் என்றெல்லாம் விவரித்திருந்தது. எந்த நேரத்திலும், காரணம் கூறாமலே விலகலாம் என்றொரு வாக்கியம். அதன் கீழே அவர் கோடிட்டிருந்தார். பூசிக்கொள்பவர் ஆணாயினும் கருவுறும் ஆபத்து பெண்ணுடையது என்பதால் இருவரும் தனித்தனியே கையொப்பமிட வேண்டுமாம். நேரத்துக்கும் பயணத்துக்கும் பணமுண்டு. பகுதிநேர வேலை செய்து படிப்பவருக்கு அது சிறிய தொகையன்று. அந்தப் பணம் இல்லையென்றாலும் சேர்வீர்களா என்று நான் திருப்பிக் கேட்டேன். “மாடு வாங்குவதற்காகப் போகவில்லை, சேர்” என்று எழுதினார். பாட்டனாரின் கதையை அவருக்கு எழுதியவன் நான்தானே.

முதல் நாள் இருவரும் போனபோது கேள்விகள் கேட்டவர் மனைவிதானாம். அரைமணி நேரமென்று சொன்ன சந்திப்பு இரண்டு மணி நேரமாயிற்று. இருவரும் கையொப்பமிடாமல், யோசித்துச் சொல்கிறோம் என்று பத்திரத்தை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். ஒரு வாரம் சென்றது. ஏன் வரவில்லை என்று கேட்டு எவரும் அழைக்கவில்லை.

பிறகு என்ன முடிவெடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அதை மட்டும் எழுத வேண்டாமென்று இருவரும் கேட்டுக்கொண்டார்கள்.