பிசோ ஃபிர்மே

பிசோ ஃபிர்மே (‘உறுதியான தரை’) என்பது மெக்சிகோவின் வடக்கிலுள்ள கோவாவிலா மாநில அரசு 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய வீடு சீரமைப்புத் திட்டம். அப்போது ஆளுநராக இருந்தவர் என்ரிகே மார்ட்டினெஸ் இ மார்ட்டினெஸ். மண்தரை வீடுகளில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களுக்கு 50 சதுர மீட்டர் வரை இலவசமாக சிமெண்ட் தரை போட உதவினார்கள். வீடு ஒன்றுக்கு ஆன செலவு ஏறத்தாழ 150 அமெரிக்க டாலர். கூரை, சுவர், கழிப்பறை எதிலும் கைவைக்கவில்லை; கையில் பணமும் தரவில்லை. அறைகளைக் காலிசெய்து தரையைத் தயாராக வைப்பது குடும்பத்தின் பொறுப்பு. கான்கிரீட் கலவை லாரியில் வந்து இறங்கும்.

வீடு சீரமைப்புத் திட்டங்களைப் பற்றிய மதிப்பீடுகளுள் அதிகம் பேசப்படுபவற்றில் இத்திட்டத்தின் மதிப்பீடும் ஒன்று. அந்த மதிப்பீட்டுக்கு ஊர்களின் அமைப்பே வழிசெய்தது. கோவாவிலாவின் தொர்ரியோன் நகரும், துராங்கோ மாநிலத்தின் கோமெஸ் பலாசியோ, லெர்தோ நகரங்களும் நாசாஸ் ஆற்றின் இரு கரைகளிலும் ஒட்டிக் கிடப்பவை. தட்பவெப்பம், தொழில், மக்கள் எல்லாம் ஒன்றே. திட்டம் மட்டும் ஒரு கரையில் இருந்தது, மறுகரையில் இல்லை. மத்தியாஸ் கட்டானியோ, செபாஸ்தியன் காலியானி, பால் கெர்ட்லர், செபாஸ்தியன் மார்ட்டினெஸ், ரொசியோ டிட்டியுனிக் ஆகியோர், 2000-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு ஒத்த நிலையிலிருந்த குடியிருப்புப் பகுதிகளை இரு கரைகளிலும் தேர்ந்து, 2005-இல் வீடுவீடாக ஆய்வு நடத்தினர். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மலமும் இரத்தமும் சோதிக்கப்பட்டன. முடிவுகள் 2009-இல் வெளியாயின.

வீடு முழுவதும் மண்தரை போய் சிமெண்ட் தரை வந்தால் குடற்புழுத் தொற்று 78 விழுக்காடும், வயிற்றுப்போக்கு 49 விழுக்காடும், இரத்தசோகை 81 விழுக்காடும் குறையும் என்பது அவர்கள் கணிப்பு. குழந்தைகளின் அறிவு வளர்ச்சியும் மேம்பட்டிருந்தது. தொற்று குறைந்ததற்குக் காரணம் எளியது: புழு முட்டைகள் மண்ணில் தங்குகின்றன, தவழும் குழந்தையின் கைவழியே வாய்க்குப் போகின்றன. மண்தரையைக் கூட்டலாம், கழுவ முடியாது. தாய்மார்களிடம் மனச்சோர்வும் மன அழுத்தமும் குறைந்திருந்தன.

இந்த எண்களைக் கவனத்தோடுதான் எடுத்தாள வேண்டும். அவை முழுவீடும் மாறுவதாகக் கொண்ட கணக்கு. பல வீடுகளில் சில அறைகளுக்கு ஏற்கெனவே சிமெண்ட் இருந்ததால், திட்டத்தால் நேர்ந்த சராசரி மாற்றம் இவற்றைவிட வெகு சிறியது. ஆய்வாளர்கள் இரண்டையும் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். எடுத்துக்காட்டுவோர் பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கின்றனர்.

குடும்ப வருமானத்திலோ செலவிலோ மாற்றம் எதுவும் தென்படவில்லை. வருமானத்தை மட்டும் அளந்திருந்தால் இத்திட்டம் தோல்விப் பட்டியலில் சேர்ந்திருக்கும். அது சரியான தீர்ப்பாக இருந்திருக்காது: கொடிய வறுமையின் ஒரு கூறு பணப்பையில் அல்ல, குழந்தை தவழும் தரையில் இருந்தது. மெக்சிகோ 2009-இல் அறிவித்த பலபரிமாண வறுமை அளவீட்டில், மண்தரை வீட்டில் வாழ்வது வருமானத்துக்கு அப்பாற்பட்ட ஒரு குறைபாடாகச் சேர்க்கப்பட்டது.