கூட்டத்திலிருந்து தனியே



இன்றைய நற்செய்தியில் (மாற்கு 7:31-37) காதுகேளாதவரும் திக்கிப் பேசுபவருமான ஒருவரை ஆண்டவரிடம் கூட்டி வருகிறார்கள். ஆண்டவர் முதலில் செய்ததை நாம் பெரும்பாலும் வாசித்துத் தாண்டிவிடுகிறோம். அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப் போகிறார். காதில் விரல் வைக்கிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். கேட்க முடியாதவருக்குக் கண்ணால் தெரியும்படி, தொட்டுப் புரியும்படி எல்லாம் நடக்கிறது. 'எப்பத்தா' என்ற சொல் அதற்குப் பிறகுதான் வருகிறது.

இப்படித் தனியே அழைத்துப் போகத் திருச்சபை வெகுகாலம் கழித்தே கற்றுக்கொண்டது. நம்பிக்கை கேட்பதால் வருகிறது என்று தூய பவுல் உரோமையருக்கு எழுதியதை (10:17) எழுத்துப்படி எடுத்துக்கொண்டு, காதுகேளாதவருக்கு நம்பிக்கை எப்படி வரும் என்று கேட்டவர்கள் நம்மவர்களிலேயே இருந்தார்கள். நான் குருமடத்தில் படித்த காலத்தில் அந்த வசனத்தைக் கிரேக்கத்தில் அலசினோம். காதுகேளாத பிள்ளைக்கு மறைக்கல்வி கொடுப்பது எப்படி என்று ஒரு மணி நேரம்கூடப் படிக்கவில்லை. இளங்குருவாக இருந்தபோது ஒரு தாய் அப்படிப்பட்ட மகனைப் புதுநன்மைக்கு அழைத்து வந்தார். "அடுத்த வருஷம் பார்க்கலாம்மா" என்றேன். அடுத்த வருஷம் எனக்கு வேறு பங்குக்கு மாற்றல்.

16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுப் பெனடிக்ட் சபைத் துறவி பேத்ரோ போன்சே தெ லெயோன், பிரபுக்கள் வீட்டுக் காதுகேளாத பிள்ளைகளுக்கு எழுதவும் பேசவும் கற்றுக்கொடுத்தார். கேட்காதவருக்குக் கல்வி ஏறாது என்ற பேச்சு அங்கே பொய்யானது. ஏழைப் பிள்ளைகளுக்குக் கதவு திறக்க இன்னும் 200 ஆண்டுகள் ஆயின. திறந்தவர் பாரிஸ் நகரத்துக் குரு சார்ல்-மிஷேல் தெ லெப்பே (1712-1789). ஜான்செனியச் சாய்வு உள்ளவர் என்று மேலிடத்துக்கு அவர்மேல் சந்தேகம். அதனால்தான் இந்த வேலைக்கு அவருக்கு நேரம் கிடைத்ததோ என்று நான் நினைப்பதுண்டு. காதுகேளாத இரண்டு சகோதரிகளுக்கு மறைக்கல்வி கொடுக்க முனைந்த அவர், பிள்ளைகள் கைகளால் பேசுவதைப் பார்த்துத் தாமும் அதைக் கற்றார். 1760 வாக்கில் அவர் தொடங்கிய பள்ளியில் கட்டணம் கிடையாது. வெளியூர்களிலிருந்து வந்த ஆசிரியர்களுக்கும் தம் முறையைச் சொல்லிக்கொடுத்தார். சிறப்பாசிரியர் பயிற்சி என்று இன்று நாம் சொல்வதன் வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

அடுத்த பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, சைகையை விலக்கி வாய்ப்பேச்சால் மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. தலைமை வகித்தவர் ஜூலியோ தார்ரா, அவரும் நம் குருவானவர்தான். 160க்கும் மேற்பட்ட பேராளர்களில் காதுகேளாதவர் ஒரே ஒருவர். பல நாடுகளில் வகுப்பறைக்குள் சைகை தடுக்கப்பட்டது. காதுகேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். அந்த மாநாட்டின் வழிவந்தவர்கள் வான்கூவரில் கூடி வருத்தம் தெரிவித்தது 2010இல். தார்ராவுக்குப் பிள்ளைகள்மேல் அன்பு இல்லாமல் இல்லை. பிள்ளைகளிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நம் நாட்டில் 1880களிலேயே பம்பாயில் ஆயர் லியோ மெரின் முயற்சியால் காதுகேளாதோர் பள்ளி வந்தது. அடுத்த பத்தாண்டில் பாளையங்கோட்டையில் ஆங்கிலிக்கன் மிஷனரிப் பெண்மணிகள் ஆஸ்க்வித் பார்வையற்றோருக்கும், ஃபுளோரன்ஸ் சுவைன்சன் காதுகேளாதோருக்கும் உழைத்தார்கள். சென்னை அடையாறில் மோன்ஃபோர்ட் சகோதரர்கள் பள்ளியோடு கல்லூரியும் நடத்துகிறார்கள். 1923இல் தொடங்கிய திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியல் பட்டப்படிப்பே இருக்கிறது. நம் கொங்கு மண்ணில் இதற்கு அடித்தளம் போட்டவர் தி. சு. அவினாசிலிங்கம். அவர் 1930இல் நிறுவிய ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் இன்று பெரியநாயக்கன்பாளையத்திலும், 1957இல் தொடங்கிய பெண்கள் கல்லூரி பல்கலைக்கழகமாகிக் கோவையிலும் சிறப்பாசிரியர்களை உருவாக்குகின்றன. நம் சபை நடத்துபவை அல்ல. ஆனாலும் நம் பிள்ளைகளை அங்கே அனுப்ப நான் தயங்குவதில்லை.

1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டம், பயிற்சி பெற்றுப் பதிவு செய்தவரே இந்தப் பணியைச் செய்யலாம் என்றது. நல்ல மனசு மட்டும் போதும் என்று ஆசிரியரை வைத்த காலம் சட்டப்படி முடிந்தது. நடைமுறையில் முடிந்ததா என்பது வேறு.

போன மாதம் நம் சென்னிமலைத் தறிக்காரர் ஒருவர் வந்தார். "சாமி, பொண்ணு பி.ஏ. தமிழ் படிச்சுப்போட்டு, அப்புறம் காது கேக்காத புள்ளைகளுக்கு டீச்சராகோணுங்கறா. பேசாம பி.காம். சேத்துடலாங்களா?" என்றார். அவர் இளைய மகனுக்குக் காது கேட்காது.

"பாவுல ஒரு இழை விட்டுப்போனா என்னங்க ஆகும்?" என்று கேட்டேன்.

"போர்வையில தெரிஞ்சுருமுங்க சாமி."

மொழியும் அப்படித்தான். 'ஐ', 'கு', 'இல்' என்ற உருபுகளைக் கேட்கும் பிள்ளை யாரும் சொல்லித்தராமலே பிடித்துக்கொள்கிறது. கேட்காத பிள்ளை 'தம்பி நாய் கடி' என்று எழுதினால், யார் யாரைக் கடித்தது? ஒவ்வோர் இழையாக எடுத்துக் காட்ட ஆசிரியருக்கு இலக்கணம் உள்ளங்கையில் இருக்க வேண்டும். உதவாத படிப்பு என்று நாம் ஒதுக்கும் பி.ஏ. தமிழ் அங்கேதான் வேலைக்கு வருகிறது. பட்டத்துக்குப் பிறகு சேரும் சிறப்புக் கல்வி பி.எட். மறுவாழ்வுக் கழக அங்கீகாரம் உள்ளதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

இப்போது ஞாயிறு மறைக்கல்வி முடிந்ததும் அந்தப் பெண் தன் தம்பியைப் புதுநன்மைக்குத் தயாரிக்கிறாள். நானும் பக்கத்தில் உட்காருகிறேன். சிலுவை அடையாளம் எங்கள் மூவருக்கும் முன்பே தெரியும். பரலோக மந்திரத்தில் பாதிவரை எனக்கு வந்திருக்கிறது. விரலை நான் தப்பாக மடக்கினால் பையன் என் கையைப் பிடித்துச் சரி செய்கிறான்.