மின்சார மீட்டர்ப் பரிசோதனை

மின்சார மீட்டர்ப் பரிசோதனை என்பது, மீட்டர் பதியும் அளவு உண்மையானதா என்பதையும், அக்கருவி வீட்டுச் சுவரில் ஆண்டுக்கணக்காக இருப்பதால் தீவிபத்தோ மின்னதிர்ச்சியோ நேராதா என்பதையும் பிரமாணக் கருவிகளைக் கொண்டு ஆராய்ந்து, முத்திரையிட்டுச் சான்று வழங்கும் முறையாகும். அரிசி வாங்குகிறவன் படியைத் தன் கண்ணால் பார்க்கலாம். மின்சாரம் வாங்குகிறவனுக்கு அந்த வசதி இல்லாமையே இம்முறை தோன்றக் காரணமாயிற்று.

1882-இல் நியூயார்க் நகரத்துப் பெர்ல் தெருவில் மின் நிலையம் திறந்த தாமஸ் எடிசனின் மீட்டரில் முள்ளும் இல்லை, எண்ணும் இல்லை. துத்தநாக சல்பேட்டுக் கரைசல் நிரம்பிய கண்ணாடிப் பாத்திரத்துள் துத்தநாகத் தகடுகள் தொங்கும். வீட்டுக்குச் செல்லும் மின்னோட்டத்தின் சிறு பகுதி அவற்றினூடே பாய, ஒன்றிலிருந்து உலோகம் கரைந்து மற்றதில் படியும். கம்பெனியின் ஆள் மாதந்தோறும் தகடுகளை எடுத்துச் சென்று நிறுக்க, எடையின் மாறுதலே கட்டணமாகும். குளிர்காலத்தில் கரைசல் உறையாதபடி பெட்டிக்குள் ஒரு விளக்கும் எரிந்தது. விஞ்ஞான ரீதியில் இது சிறந்த உபாயமே. எனினும், நிறுப்பவனும் கணக்கிடுபவனும் விற்பவனாகவே இருந்தமையால், வாங்குபவன் அவன் சொன்னதை ஏற்பதன்றி வேறு வழியறியாதிருந்தான்.

1889-இல் புடாபெஸ்ட் நகரத்துக் கான்ஸ் தொழிற்சாலையின் ஓட்டோ பிளாதி அமைத்த தூண்டல் மீட்டரும், அதன் வழிவந்தவையும் இந்நிலையை மாற்றின. சுழலும் தட்டும் எண்பலகையும் எவர் கண்ணுக்கும் தெரிவன. பரிசோதனையும் எளிதாயிற்று. யூனிட்டுக்கு 600 சுற்று என்று முகப்பில் பொறித்த மீட்டரில் 1,000 வாட் சுமையை ஏற்றினால், தட்டு பத்துச் சுற்றுகளை 60 விநாடியில் முடிக்கவேண்டும். 61 விநாடி எடுத்தால் அது ஏறத்தாழ 1.6 சதவீதம் குறைவாகப் பதிகிறது என்பது துணிபு. தட்டை அடக்கும் நிலைக்காந்தம் வலுக் குன்றினால் மீட்டர் விரையும். அச்சைத் தாங்கும் மணிக்கல் தேய்ந்தால் தாமதிக்கும். ஆகவே, ஒரு முறை பெற்ற சான்று என்றைக்கும் செல்லுபடியாவதில்லை.

இந்தியாவில் 1910-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், மீட்டர் பற்றிய தகராறு எழுந்தால் இரு தரப்பில் எவரும் மின் ஆய்வாளரிடம் முறையிடலாம் என்றும், மீட்டர் பிழையென்று கண்டால் ஆறு மாதத்துக்கு மேற்படாத காலத்துக்கு அவரே மின்சாரத்தின் அளவை மதிப்பிடவேண்டும் என்றும் விதித்தது. விற்பவனும் வாங்குபவனும் அல்லாத மூன்றாமவரிடம் தீர்ப்பை ஒப்படைத்த இந்த ஏற்பாட்டையே இத்துறையின் உயிர்நிலை என்று கொள்ளத் தகும். 1956-ஆம் ஆண்டு விதிகள், தனித் தரநிர்ணயம் இல்லாதவிடத்து, முழுச் சுமையின் பத்தில் ஒரு பங்குக்கு மேல் 3 சதவீதப் பிழையை அனுமதித்தன. சுமையே இல்லாதபோது எந்த மீட்டரும் ஓடக்கூடாது என்றும் கூறின.

பாதுகாப்புச் சோதனை தனி இயல்புடையது. கம்பி இறுகப் பொருந்தாத இணைப்பு முனை சூடேறித் தீப்பற்றக் கூடுமாதலால், சர்வதேசத் தரப்படி, முனைகளைத் தாங்கும் கட்டையின்மேல் 960 டிகிரி செல்சியஸில் கனலும் கம்பியை 30 விநாடி அழுத்தி, அது எரிகின்றதா, தானே அணைகின்றதா என்று பார்ப்பர்.

2006-இல் இந்தியாவின் மத்திய மின்சார ஆணையம் புதிய மீட்டர்கள் மின்னணு வகையாகவே இருக்கவேண்டும் என்று விதித்தபின், தட்டின் சுற்றுக்குப் பதிலாகச் சிறு விளக்கின் துடிப்பை எண்ணும் முறை பொதுவாயிற்று. ஆனால், நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தார் ஒன்பது மின்னணு மீட்டர்களை, ஒளி குறைக்கும் சுவிட்சும் எல்.இ.டி. விளக்குகளும் இணைந்த சுமையில் இட்டு ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட முடிவில், ஐந்து மிகையாகப் பதிந்தன என்றும், மிகை 582 சதவீதம் வரை சென்றது என்றும், இரண்டு குறைவாகப் பதிந்தன என்றும் கூறினர். பரிசோதனைச்சாலையின் சீரான மின்னோட்ட அலையில் தேறிய மீட்டர், இத்தகைய சுமையால் சிதைந்த நவீன வீட்டின் அலையில் தவறக்கூடும் என்பது இதனால் வெளிப்பட்டமையின், அத்தகைய அலையையும் மேசைமீது உண்டாக்கிப் பார்ப்பது சான்றளிப்போரின் கடமையாகிவிட்டது.