வாடிக்கையாளரும் அண்டை வீட்டாரும்: தோல் வாணிபம் தரும் பாடம்

அரபு மொழியில் இன்று வாடிக்கையாளரைக் குறிக்கும் சொல் ‘ஸபூன்’ என்பதாகும். பழைய அகராதிகளைப் புரட்டுவோமாயின், எளிதில் ஏமாறும் பேதை என்றதொரு பொருளும் அச்சொல்லுக்குக் காணக்கிடைக்கும். வாங்குபவனையும் ஏமாறுபவனையும் ஒரே சொல்லால் அழைத்த காலம் ஒன்று இருந்தது போலும்! தமிழின் ‘வாடிக்கை’யோ வேறு வகையினது. வழக்கமாக நிகழ்வது என்பதே அதன் உட்கருத்து. ஒரு முறை ஏமாந்தவன் மறுமுறை வாரான்; ஆகவே ஏமாற்றுகின்றவனுக்கு வாடிக்கை என்பதே இல்லை. தொழிலில் வளர விழையும் நம் இளைஞர்கட்கு இன்று சந்தைப்படுத்தல் என்றும் வாடிக்கையாளர் நலன் என்றும் பல பாடங்கள் கற்பிக்கப்படுகின்றன. அப்பாடங்களை நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த ஒரு தொழிலின் வரலாற்றிலிருந்தே கற்கலாகும். அதுவே தோல் வாணிபம்.

நாம் வாழும் பென்னாகரம் தோல் வாணிபத்துக்குப் பெயர்பெற்ற ஊரன்று. ஆயினும் அத்தொழிலின் வேர்கள் இத்தகைய ஊர்களில்தாம் உள்ளன. செவ்வாய்க்கிழமைதோறும் இங்குக் கூடும் சந்தையில் ஆடுகள் கைமாறுகின்றன. வறண்ட மேட்டு நிலங்களில் ஆவாரை மஞ்சள் பூத்து நிற்கின்றது. கால்நடையின் தோலும் ஆவாரையின் பட்டையுமே பழைய தோல் தொழிலின் இரு கண்கள். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின் வழியே திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறிய பாராமகாலில் தருமபுரியும் அடங்கியிருந்தது, திருப்பத்தூரும் அடங்கியிருந்தது. ஆகவே வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்துத் தோல் வரலாறு நமக்கு அயலார் கதையன்று.

ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துக் கடுக்காயால் முடித்த தோல், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்தின் வழியே இலண்டனுக்குச் சென்றது. அங்கு அது ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்னும் பெயரால் ஏலத்தில் விலைபோயிற்று. பதனிட்டவர் வாங்குபவரைக் கண்டதில்லை. வாங்குபவர் பதனிட்டவரின் ஊரை அறிந்ததில்லை. இருவருக்கும் இடையே நின்றது தோலின் தரம் ஒன்றே. உரிப்பவரின் கத்தி சற்றே பிசகினாலும் தோலில் வெட்டு விழும்; மாட்டின் மேல் சூடிட்ட வடு இருந்தாலும் விலை குறையும். எங்கோ ஒரு சிற்றூரில் நேர்ந்த கவனக்குறைவின் விலை கடல்கடந்த ஏலக்கூடத்தில் தெரிந்தது. ஒளிந்துள்ள குறையைக் கண்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டென்று ஃபிக்ஹு நூல்கள் கூறும். இலண்டன் வணிகர் தோலைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. அடுத்த ஏலத்தில் விலையைக் குறைத்துக் கேட்டாலே போதும், அதுவே தீர்ப்பாகும்.

வாங்குபவரின் தேவையறிந்து பொருள் செய்ததற்கு ஒரு நல்ல சான்று சென்னையிலேயே உண்டு. 1903-இல் ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் சென்னை ஓவியக் கலைப் பள்ளியில் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனையைத் தொடங்கினார். அவர் கருத்தில் இருந்தவர்களுள் நம் உழவரும் ஒருவர். கவலை இறைக்கும் தோல் நாள்தோறும் நீரில் ஊறுவது. பட்டையில் பதனிட்ட தோல் அதில் விரைவில் கெட்டுப்போகும். குரோம் தோலோ நீரைத் தாங்கும். உழவரின் கிணற்றடியில் இருந்த குறையே புதிய பொருளுக்கு வழி காட்டிற்று. அரசாங்கமே தொழில் நடத்துவதை 1910-இல் இந்திய மந்திரி மார்லி பிரபு தடுத்தார். ஆயினும் அம்முறை மறையவில்லை. பல்லாவரத்தில் எழுந்த குரோம் தோல் கம்பெனியால் குரோம்பேட்டை என்றோர் ஊர்ப்பெயரே நிலைத்துவிட்டது.

முதல் உலகப் போரில் படைவீரரின் காலணிக்காக நம் தோலைப் பிரிட்டிஷ் அரசே வாங்கிக்கொண்டது. தோல் ஈட்டித் தந்த செல்வம் வீணாகவும் இல்லை. 1919-இல் எழுந்த வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி, மேல்விஷாரம் கொடைவள்ளல் சி. அப்துல் ஹக்கீம் சாகிபின் அறப்பணிகள், தோல் வணிகர் ஜமால் முகம்மது சாகிபின் பெயர் தாங்கி 1951-இல் திருச்சியில் தோன்றிய கல்லூரி ஆகிய யாவும் அதற்குச் சாட்சிகள். இந்நன்றியை நாம் மறத்தலாகாது.

பின்னர் வாங்குவோர் மாறினர். 1970-களின் தொடக்கத்தில் இந்திய அரசு கச்சாத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலையும் காலணிகளையும் அனுப்புமாறு ஊக்கியது. ஆவாரம்பட்டை பின்தள்ளப்பட்டது, குரோம் உப்பு முன்னுக்கு வந்தது. 1989 டிசம்பரில் ஜெர்மனி, தோலில் பூஞ்சை பிடியாமல் காக்கும் பென்டாகுளோரோபீனால் என்னும் இரசாயனத்தைத் தடைசெய்தது. 1994-இல் சில அஸோ சாயங்களையும் தடுத்தது. நம் தொழிலகங்கள் தயங்கவில்லை. 1948-இல் நிறுவப்பட்ட சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு மாற்று இரசாயனங்களைத் தேடிக்கொண்டன. ஜெர்மானியரின் உடல்நலத்துக்குத் தீங்கு உண்டாகலாகாது என்பதற்காக வாணியம்பாடியின் தொட்டிகளில் மருந்து மாறிற்று. வாடிக்கையாளர் சொல்லுக்குச் செவிசாய்ப்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆனால் இவ்விடத்தில் வேறொரு குரல் கேட்கப்படாமல் இருந்தது. ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதனிட ஏறத்தாழ 30 முதல் 40 லிட்டர் நீர் வேண்டும். தோல் அழுகாதிருக்கத் தூவிய உப்பும், குரோமும் அந்நீரோடு வெளியேறின. பாலாறு கெட்டது, கிணறுகள் உவர்த்தன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 1996 ஆகஸ்ட் 28-இல் வந்த தீர்ப்பு, தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு ஆகாமற்போனதைச் சுட்டிக்காட்டியது. மாசுபடுத்தியவரே அதன் விலையைத் தரவேண்டும் என்ற நெறியை வலியுறுத்தித் தொழிலகம் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியிலும் பாலாற்று மக்களின் இழப்பீட்டைக் குறித்து அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது என்றால், புண் இன்னும் ஆறவில்லை என்பது விளங்கும்.

ஆயிரமாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தவரின் ஓர் அறிவிப்புக்கு உடனே செவிசாய்த்த தொழில், அடுத்த வயலுக்காரரின் முறையீட்டுக்கு நீதிமன்றம் தலையிடும்வரை காத்திருந்தது ஏன்? முன்னவர் வாங்குபவர், பின்னவர் எதையும் வாங்காதவர். காரணம் இவ்வளவே. கணக்குப் புத்தகத்தில் அண்டை வீட்டாருக்குப் பக்கம் இல்லை. ஆனால் தோல் பதனிடும் இடத்தின் நாற்றம் அயலாருக்குத் தரும் இடரைக் கூட நம் ஃபிக்ஹு அறிஞர்கள் பன்னூறு ஆண்டுகட்கு முன்பே ஆராய்ந்துள்ளனர். விற்பவர், வாங்குபவர் என்னும் இருவருக்கும் அப்பால் மூன்றாமவர் ஒருவர் உண்டு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

கெட்ட நீர் என்பது என்னவென்று தருமபுரி மாவட்டத்தாருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நிலத்தடி நீரில் மிகுந்த ஃப்ளோரைடால் பற்களும் எலும்புகளும் பழுதுபட்ட மக்கள் நாம். நமக்கு அருகிலுள்ள ஒகேனக்கல்லின் காவிரி நீரைக் கொணரும் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-இல் திறக்கப்பட்டபின்பே பலருக்கு நன்னீர் கிட்டிற்று. நமக்கு அத்தீங்கு இயற்கையால் வந்தது. பாலாற்று மக்களுக்கோ மனிதர் கையால் வந்தது.

ஆகவே, சந்தையில் புதுக்கடை வைப்பவரும், பட்டறை தொடங்குபவரும், வெளிநாட்டுக்குப் பொருள் அனுப்ப முனைபவரும் இரு கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்வது நலம். நம்மிடம் வாங்கியவர் மறுமுறையும் நம்மை நாடி வருவாரா? நம்மிடம் எதுவும் வாங்காத அண்டை வீட்டார் நம் தொழில் இங்கு இருப்பதை விரும்புவாரா? முதற் கேள்விக்கு நம் தோல் வணிகர்கள் நூறாண்டுக்கு மேலாகச் சிறந்த விடை தந்தனர். இரண்டாவதற்கான விடையைத் தருவது இன்றைய தலைமுறையின் கடமையாகும்.