கெரிசீம் மலைக்காரர்கள்: பிரிந்துபோனது யார்?

'நல்ல சமாரியன்' நம்மூர் ஞாயிறு வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. இயேசு சொன்ன கதையில் 'நல்ல' என்ற சொல் கிடையாது. பின்னால் வந்தவர்கள் ஒட்டியது. ஒருத்தனை மட்டும் 'நல்ல' போட்டுச் சொன்னால், மத்த சமாரியன் எல்லாம் யாராம்?

எருசலேம் தரப்பு எழுதிவைத்த பிறப்புக் கதை இரண்டாம் இராஜாக்கள் 17ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வட இஸ்ரவேல் மக்களை அசீரியர்கள் சிறைபிடித்துப் போனார்களாம்; கூத்தா முதலான ஊர்களிலிருந்து அந்நியரைக் கொண்டுவந்து குடிவைத்தார்களாம். ஆக, சமாரியன் வந்தேறி, கலப்பு. ஆனால் தன் வெற்றியைப் பீற்றிக்கொள்ளும் அசீரிய அரசன் சர்கோனின் கல்வெட்டே 27,290 பேரைக் கொண்டுபோனதாகத்தான் சொல்கிறது. மீதிச் சனம் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. தன் நிலத்திலேயே கிடந்தது.

அடுத்தது கோயில். எருசலேமில் துரத்தப்பட்ட ஒரு ஆசாரியனுக்காக, அலெக்சாந்தர் காலத்தில் கெரிசீம் மலையில் எழுந்த போட்டிக் கோயில் அது என்று கி.பி. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் எழுதினார். 1982இல் தொடங்கிய அகழாய்வு அதைப் புரட்டிப்போட்டது. அங்கே கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே வழிபாட்டிடம் இருந்திருக்கிறது. கி.மு. 110 வாக்கில் அதை அழித்தவர் எருசலேமின் பிரதான ஆசாரியரும் ஆட்சியாளருமான யோவான் இர்கான்.

வேதத்தைத் திருத்தினார்கள் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. பத்துக் கட்டளையோடு கெரிசீம் பலிபீடத்தைச் சேர்த்துக்கொண்டார்கள், உண்மைதான். ஆனால் உபாகமம் 27:4? கல் நாட்டச் சொன்ன மலை யூதப் படியில் ஏபால். சமாரியப் படியில் கெரிசீம். சமாரியரோடு தொடர்பில்லாத பழைய லத்தீன் படி ஒன்றிலும் கெரிசீம்தான். அதுவே மூலபாடம், ஏபால்தான் பின்னால் நுழைந்தது என்று ஆய்வாளர் பலர் இன்று சொல்கிறார்கள்.

இந்தச் சண்டை ஏட்டோடு நிற்கவில்லை, உடம்புக்கும் வந்தது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, சமாரியப் பெண்கள் தொட்டில் முதலே தீட்டு என்கிறது. பிறந்த பச்சைக் குழந்தைக்குத் தீட்டு! கிணற்றடியில் இயேசு தண்ணீர் கேட்டதும் சமாரியப் பெண் ஏன் திகைத்தாள் என்று இப்போது விளங்கும். யோவான் 4:9இல் வரும் கிரேக்கச் சொல்லுக்குப் 'பாத்திரம் பகிர்வதில்லை' என்றே பொருள் சொல்வோரும் உண்டு. அதே ரபிகளுக்குள் சமாரியன் முழு இஸ்ரவேலனே என்று வாதாடியவர்களும் இருந்தார்கள். அந்தக் குரல் எடுபடவில்லை.

ரபிகள் வைத்த பெயர் 'கூத்தீம்', கூத்தாவிலிருந்து வந்தவன். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'ஷாமெரிம்', வேதத்தைக் காப்பவர்கள். ஒரு பெயர் அந்நியன் என்கிறது. மற்றது நாங்கள்தான் ஆதிக்குடி என்கிறது. பாடப்புத்தகம் எதை எடுத்துக்கொண்டு 'பிரிந்துபோன கூட்டம்' என்று எழுதியது என்பதைச் சொல்லணுமா?

ஆயிரம் பேருக்கும் குறைவாக இன்றும் இருக்கிறார்கள், கெரிசீம் மலையிலும் ஹோலோன் நகரிலும். கோயில் போய் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகிறது. பஸ்கா ஆட்டை இன்றும் அந்த மலையில்தான் அறுக்கிறார்கள்.