வெண்பனிக் காட்டில் அறிவியல் பாடம்

அமெரிக்காவின் வட மாநிலங்களில் பள்ளிப் பிள்ளைகளைக் குளிர்காலக் காட்டுக்குக் கூட்டிச் சென்று அறிவியல் கற்பிக்கும் வழக்கம், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த ‘இயற்கைக் கல்வி’ இயக்கத்தில் வேர்விட்டது. அதற்கு முன்னோடி ஹார்வர்டு பேராசிரியர் லூயி அகாசி. 1873இல் மாசசூசெட்ஸ் கரையை ஒட்டிய பெனிகீஸ் தீவில் அவர் நடத்திய கோடைப் பள்ளியில், ஆசிரியர்கள் நூலை விட்டு உயிரினத்தையே நேரில் பார்த்துப் படித்தனர். 1891இல் வில்பர் ஜாக்மன் பொதுப் பள்ளிகளுக்கான இயற்கைக் கல்வி நூலை எழுதினார்.

இயக்கத்துக்கு வேகம் தந்தது உழவின் நலிவு. 1891–93 நெருக்கடியில் நியூயார்க் மாநிலக் கிராமத்தார் பிழைப்புத் தேடி நகரங்களுக்குப் போயினர். பிள்ளைகளுக்குச் சொந்த மண்மீது நாட்டம் பிறந்தால் ஊரிலேயே தங்குவார்கள் என்ற நம்பிக்கையில், அரசு நிதியுடன் கார்னெல் பல்கலைக்கழகம் கிராமப் பள்ளிகளுக்குப் பாட வெளியீடுகளை அனுப்பத் தொடங்கியது. லிபர்ட்டி ஹைட் பெய்லியும் அன்னா பாட்ஸ்ஃபோர்டு காம்ஸ்டாக்கும் இப்பணியின் தூண்கள். காம்ஸ்டாக் 1911இல் வெளியிட்ட கையேடு 800 பக்கங்களைத் தாண்டியது.

கோடையில் இலையைப் பார்த்தே மரத்தின் பெயரைச் சொல்லிவிடலாம். இலையுதிர்ந்த காட்டில் தடயங்களைக் கொண்டுதான் அறிய வேண்டும். மேப்பிள், ஆஷ் மரங்களில் மொட்டுகள் எதிரெதிராக இருக்கும். ஓக், பிர்ச் மரங்களில் மாறி மாறி அமையும். ஹார்ஸ் செஸ்ட்நட் மரக் குச்சியில் இலை உதிர்ந்த தழும்பு குதிரை லாடம் போலவே இருக்கும். அதிலுள்ள ஆணித்தலை போன்ற புள்ளிகள், இலைக்கு நீர் கொண்டுசென்ற குழாய்கள் அறுந்த இடங்கள். நுனிமொட்டின் செதில்கள் உதிர்ந்த இடத்தில் குச்சியைச் சுற்றி மோதிரம் போல் வரிகள் விழுகின்றன. இரண்டு மோதிரங்களுக்கு இடைப்பட்ட நீளம் ஓராண்டு வளர்ச்சி. அளவுகோல் வைத்திருக்கும் சிறுவன், மரம் எந்த ஆண்டு செழித்தது, எந்த ஆண்டு வாடியது என்பதைத் தானே கணக்கிட்டுவிடுவான்.

பனியும் பாடமாயிற்று. வெர்மான்ட் விவசாயி வில்சன் பென்ட்லி 1885 ஜனவரியில் முதல்முறையாக ஒரு பனித்துகளை நுண்ணோக்கி வழியே படமெடுத்தார். வாழ்நாளில் 5,000க்கும் மேற்பட்ட படங்களை எடுத்துச் சேர்த்தார். கறுப்புத் துணியில் விழும் துகளைக் கைலென்சால் பார்த்து ஆறு முனைகளை எண்ணுவது இன்றும் எளிய பயிற்சி. பனிக்குள் வெப்பமானியைச் செருகுவது இன்னொன்று. மேலே கடுங்குளிர் வீசினாலும், ஆழ்ந்த பனிக்கு அடியில் தரையை ஒட்டிய இடம் ஏறத்தாழ 0 டிகிரி செல்சியஸிலேயே நிற்கும். பனியில் சிறைப்பட்ட காற்று தரைக்குக் கம்பளியாகிறது. அந்த இடைவெளியில்தான் வோல் எனும் குட்டைவால் எலிகள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

பறவைக் கணக்கெடுப்பும் குளிர்காலப் பணியே. கிறிஸ்துமஸ் நாளில் பறவைகளைச் சுட்டு வீழ்த்தும் போட்டிக்கு மாற்றாக, 1900இல் ஃபிராங்க் சாப்மன் அவற்றை எண்ணும் முறையைக் கொண்டுவந்தார். முதல் ஆண்டில் கலந்துகொண்டவர்கள் 27 பேர்.

1920களுக்குப் பின் தொடக்கப் பள்ளிகளில் பொது அறிவியல் பாடத்திட்டம் இடம்பிடித்தது. இயற்கைக் கல்வி ஒதுங்கியது. ஆனால் வெளிப்புறப் பாடம் முகாம்களின் வழியே திரும்பி வந்தது. 1940இல் மிச்சிகனின் கிளியர் லேக் முகாம், பள்ளி நாட்களிலேயே மாணவர்களைத் தங்கவைத்துக் கற்பித்தது. 1971இல் மின்னசோட்டாவில் தொடங்கி இன்று வுல்ஃப் ரிட்ஜ் என வழங்கும் மையத்தில், பிள்ளைகள் பனிக்காலணி மாட்டிக்கொண்டு விலங்குகளின் காலடித் தடங்களைத் தேடிப் போகிறார்கள்.

உழவர் பிள்ளைகளை ஊரில் நிறுத்தும் நோக்கத்தோடு தொடங்கிய இயக்கம் அதில் வெல்லவில்லை. நகரங்கள் பெருகிக்கொண்டேதான் போயின. அது விட்டுச்சென்ற பாடமுறை மட்டும் நிலைத்தது. அதற்குத் தேவையான கருவிகள் அன்றும் இன்றும் ஒரு கைலென்சும், அளவுகோலும், வெப்பமானியும், குறிப்பேடும்தான்.